வெளிச்சம் மாறிய அரண்மனை

2020 செப்டம்பர் 10 அன்று யூபிசாஃப்ட் நிறுவனம் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ வீடியோ கேமின் ரீமேக்கை அறிவித்து முன்னோட்டம் ஒன்றை வெளியிட்டபோது, மும்பையின் கிராஃபிக்ஸ் ஸ்டூடியோக்களில் வேலை பார்க்கும் தமிழர்களான நாங்கள் அதைக் கொஞ்சம் கூடுதலான அக்கறையோடு பார்த்தோம். அந்த ரீமேக்கை உருவாக்கும் பொறுப்பு யூபிசாஃப்டின் புனே, மும்பை ஸ்டூடியோக்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. வெளிநாட்டுக் குழுக்கள் தீர்மானித்துவிட்ட படங்களுக்குத் துணை வேலை செய்து கொடுப்பதே பெரும்பாலும் பிழைப்பாக இருக்கும் ஊரில், உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு விளையாட்டின் முகத்தைப் புதிதாக வரையும் வேலை நம் பக்கம் வந்திருக்கிறது என்பது சின்னச் செய்தி அல்ல. நான் கோரேகானில் திரைப்படங்களின் கிராஃபிக்ஸ் காட்சிகளுக்கு லைட்டிங், அதாவது கணினியில் வெளிச்சம் அமைக்கும் வேலை, செய்பவன். கேம் துறைக்காரன் அல்ல. ஆனாலும் ஒரு காட்சியில் வெளிச்சம் எங்கே பிசகுகிறது என்று தேடுவதே அன்றாடத் தொழிலாகிவிட்டதால், அந்த முன்னோட்டத்தை வெறும் ரசிகனாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு தலைமுறைக்கு முந்தைய கன்சோலில், அதாவது விளையாட்டுக் கருவியில், ஓடும் விளையாட்டைப் போலிருக்கிறது என்பதுதான் அன்று அதிகம் கேட்ட குறை. அந்தக் குறை நியாயமானதா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். கணினியில் செதுக்கும் முப்பரிமாண மாதிரிகளின் நுணுக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், துணியின் மடிப்பும் தூண்களின் செதுக்கலும் பழைய விளையாட்டில் இருந்ததைவிடப் பல மடங்கு கூடியிருந்தன. பிசகு வேறிடத்தில் இருந்தது. இளவரசனின் முகத்தில் விழுந்த ஒளி தோலுக்குள் புகாமல் மேற்பரப்பிலேயே வழுக்கிக்கொண்டு நின்றது. பாத்திரங்களும் சுவர்களும் ஒரே அளவு வெளிச்சத்தில் கிடந்ததால் கண் எங்கே போய் நிற்க வேண்டும் என்று படம் சொல்லவில்லை. மஞ்சளும் ஆரஞ்சும் தேவைக்கு மேல் ஏற்றப்பட்டிருந்தன. வரைந்தவர்களின் கை சோடைபோனதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் படத்துக்கு வெளிச்சம் இன்னும் முடிவாகவில்லை என்றே தோன்றியது.

பழைய விளையாட்டை ஒருமுறை நினைவுபடுத்திக்கொண்டால் இது விளங்கும். 1989இல் ஜோர்டன் மெக்னர் ஆப்பிள் 2 கணினிக்காகத் தனியொருவராக உருவாக்கிய முதல் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வில், தம்பியை வெள்ளை உடையில் ஓடவிட்டுப் படம்பிடித்து, அந்தப் படங்களின் மேல் வரைந்துதான் இளவரசனின் ஓட்டத்தைக் கண்டுபிடித்தார். அந்தத் தொடரின் கலைக்கு வேர் அதுதான்: குறைந்த புள்ளிகள், ஆனால் நிஜமான உடலசைவு. யூபிசாஃப்டின் கனடா நாட்டு மான்ட்ரியல் ஸ்டூடியோ மெக்னரையும் சேர்த்துக்கொண்டு 2003இல் ‘தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ விளையாட்டை வெளியிட்டபோது, பிளேஸ்டேஷன் 2 கன்சோலில் அவர்களுக்குக் கிடைத்த முதன்மை நினைவகம் 32 எம்பி, படத்துக்கென ஒதுக்கப்பட்ட நினைவகம் 4 எம்பி. இவ்வளவுக்குள் ஒரு முழு அரண்மனையைக் கட்ட வேண்டும். கதையின் பெரும்பகுதி ஒரே இரவில் நடப்பதாக அமைந்திருந்தது அவர்களுக்கு வாய்ப்பாகப் போயிற்று. இருளில் பாதி அரண்மனை மறைந்தது. மீதிப் பாதியின் மேல் ப்ளூம் என்று நாங்கள் சொல்லும் ஒளிக்கசிவை, அதாவது வெளிச்சமான இடங்களின் விளிம்பு மங்கிப் பரவும் அந்தப் புகைமூட்டத்தை, தாராளமாகப் பூசினார்கள். அதையும் நாம் பார்த்தது கண்ணாடிக் குழாய் கொண்ட பழைய மானிட்டர்களிலும் தொலைக்காட்சிகளிலும். திரையே புள்ளிகளைக் கரைத்து ஒன்றோடொன்று சேர்த்துவிட்டது. அப்படி மூன்று அடுக்கு மூட்டத்தின் வழியாக நாம் பார்த்த அரண்மனைதான் ‘அழகு’ என்று மனதில் தங்கியது. சயானில் அன்றிருந்த ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் மணிக்குப் பதினைந்தோ இருபதோ ரூபாய் கொடுத்து அதை ஆடியவர்களில் நானும் ஒருவன். கதையின் பெரும்பகுதி நடக்கும் ஆசாத் அரண்மனையின் நீல இரவு இன்றும் கண்ணில் நிற்கிறது, ஆனால் ஒரு சுவரின் டெக்ஸ்ச்சர், அதாவது அதன் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் படம், எப்படியிருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டியிருக்கிறது. 2003 காலத்தில் ஒரு சுவரின் படத்தை வரைந்தவர், கல்லின் நிறத்தோடு அந்தக் கல்லின் மேல் விழும் நிழலையும், விளிம்பில் மின்னும் ஒளியையும், இடுக்கில் தங்கிய இருட்டையும் அதே படத்திலேயே கையால் வரைந்துவிடுவார். கணினியால் அந்த வெளிச்சத்தைக் கணக்கிட முடியாது என்பதால் ஓவியரே கணக்கிட்டுக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளலாம். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்யும் முறை தலைகீழாக மாறிவிட்டது. இப்போது ஒரு பொருளின் நிறம் தனிப் படம், அதன் சொரசொரப்பு தனிப் படம், உலோகமா இல்லையா என்பது தனிப் படம், மேடுபள்ளம் தனிப் படம். இவற்றில் எதிலும் வெளிச்சத்தையோ நிழலையோ வரையக் கூடாது. ஒளி ஒரு பொருளின் மேல் பட்டு எப்படித் திரும்பும் என்பதை இன்ஜின், அதாவது விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருள், இயற்பியல் விதிப்படி கணக்கிட்டுக்கொள்ளும். முறை நல்ல முறைதான். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய ஓவியர் டெக்ஸ்ச்சரில் வைத்திருந்த தீர்மானங்கள் அத்தனையும், எந்த மூலை இருட்டாக இருக்க வேண்டும், எந்தத் தூண் முன்னே வரவேண்டும் என்பதெல்லாம், புதிய டெக்ஸ்ச்சரிலிருந்து உருவப்பட்டு, உற்பத்தியின் கடைசிக் கட்டத்தில் வரும் லைட்டிங் கலைஞரின் தலையில் விழுகின்றன. லைட்டிங் முடியாத நிலையில் அந்தக் காட்சியைப் பார்த்தால், பொருட்கள் எல்லாம் சரியாகவும் படம் மட்டும் தட்டையாகவும் இருக்கும். தோல் இன்னும் மோசம். மனிதத் தோலுக்குள் ஒளி சற்றே ஊடுருவிச் சிவந்து வெளியேற வேண்டும். அந்தக் கணக்கைச் செய்யும் ஷேடர் என்ற நிரலும் லைட்டிங்கும் ஒன்றுக்கொன்று பொருந்தும் வரை எந்த நாயகனும் கடைவாசல் பொம்மையாகத்தான் தெரிவான். எங்கள் ஸ்டூடியோவில் இடைக்கட்ட ரெண்டர்களை, அதாவது முடிவாகாத படங்களை, வாடிக்கையாளரைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் எங்களில் பலருக்கு அடுத்த வேலை கிடைக்காது.

அந்த ரீமேக்கின் இயக்குநர் அப்போது அளித்த பேட்டிகளில், இந்தக் காட்சி நடை தெரிந்தே தேர்ந்தெடுக்கப்பட்டது என்றும், மற்ற பெரிய விளையாட்டுகளிலிருந்து இது தனித்துத் தெரிய வேண்டும் என்று விரும்பினோம் என்றும் சொன்னார். நோக்கம் புரிகிறது. ஆயிரத்தொரு இரவுகளின் சாயல் கொண்ட ஒரு கதையை நிஜப் பாலைவனத்தின் புழுதி நிறத்தில் காட்ட வேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை. ஆனால் தனித்துத் தெரிவதற்காக அவர்கள் ஏற்றியது நிறத்தை. பழைய விளையாட்டு தனித்துத் தெரிந்ததோ நிறத்தைக் குறைத்து ஒளியைப் பரப்பியதால். எங்கள் ஊர்ப் பக்கம் கும்பாபிஷேகத்துக்கு முன் கோபுரத்துக்கு எனாமல் அடித்து முடித்ததும் பெரியவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போவார்களே, 2003இல் அந்த விளையாட்டை ஆடியவர்களின் எதிர்வினை ஏறக்குறைய அதுதான், ஒன்றும் சொல்லாமல் போகும் பண்பு மட்டும் இணையத்தில் இல்லை.

செம்பூரில் இருக்கும் என் அக்கா மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே இருக்கு மாமா, எல்லாரும் ஏன் திட்டுறாங்க?” என்று கேட்டான். பழைய விளையாட்டை லேப்டாப்பில் நிறுவி அவனுக்குக் காட்டினேன். சிறிது நேரம் ஆடிவிட்டு, “இதுல எதுவுமே சரியாத் தெரியலையே!” என்றான். அவன் சொன்னது முழு உண்மை. சரியாகத் தெரியாமல் இருந்ததுதான் அந்தக் கலையின் பாதி. புதிய கன்சோலில் எல்லாவற்றையும் தெரியவைக்க முடியும் என்ற நிலை வந்தபோது, எதைத் தெரியாமல் விடுவது என்ற கேள்விக்குப் புனே, மும்பைக் குழுவினர் பதில் கண்டுபிடிக்கும் முன்பே திரை விலக்கப்பட்டுவிட்டது என்பது என் கணிப்பு.

இந்தப் பதிலைத் தேடி அலைந்து, தொலைந்து, திரும்பி வந்த ஒரு ரீமேக்கை நான் இன்னும் நெருக்கமாகப் பின்தொடர்ந்திருக்கிறேன். லுக்கிங் கிளாஸ் நிறுவனத்தின் ‘சிஸ்டம் ஷாக்’ 1994இல் வந்த விளையாட்டு. விண்வெளி நிலையம் ஒன்றைத் தன் வசப்படுத்திக்கொண்ட ஷோடன் என்ற செயற்கை அறிவோடு மோதும் கதை. அதன் உரிமை சுற்றிச் சுற்றி ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்திருந்ததை, நைட்டைவ் ஸ்டூடியோஸ் நிறுவனர் ஸ்டீஃபன் கிக் தேடிக் கண்டுபிடித்துப் பெற்றது தனிக் கதை. 2016இல் நைட்டைவ், பொதுமக்களிடம் நிதி திரட்டும் இணையதளமான கிக்ஸ்டார்ட்டரில் ஒன்பது லட்சம் டாலர் கேட்டது. பதின்மூன்று லட்சத்துக்கும் மேல் கிடைத்தது. பணம் கேட்டபோதே யூனிட்டி இன்ஜினில் செய்த ஒரு சிறு மாதிரியையும் எல்லோரும் ஆடிப் பார்க்கும்படி வெளியிட்டார்கள். 1994இன் நிலையத்தை அறைக்கு அறை மதித்து, நியான் நிறங்களோடு, அளவாகப் புதுப்பித்த வேலை அது. பார்த்தவர்களுக்குப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகுதான் கலை மாறத் தொடங்கியது. 2017இல் யூனிட்டியைக் கைவிட்டு அன்ரியல் இன்ஜினுக்கு மாறினார்கள். புதிய காட்சிகளில் நிலையம் நிஜமான தொழிற்கூடத்தைப் போல் மாறியிருந்தது: கறுத்த உலோகம், அடங்கிய நிறம், ஈரம் மின்னும் தரை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு படமும் தேர்ச்சியானது. ஆனால் அந்தப் படங்களை வேறு எந்த விண்வெளித் திகில் விளையாட்டின் பெயரிலும் வெளியிட்டிருக்கலாம். தோற்றம் நிஜத்தை நோக்கி நகர நகர, அந்தத் தோற்றத்துக்கு ஏற்றபடி விளையாட்டின் மற்ற பகுதிகளும் மாற வேண்டியதாயிற்று, செலவும் கூடிக்கொண்டே போயிற்று. 2018 பிப்ரவரியில் வேலையை நிறுத்திவைப்பதாக ஸ்டீஃபன் கிக் பகிரங்கமாக அறிவித்தார். பழையதைப் புதுப்பிக்கத் தொடங்கியவர்கள் படிப்படியாக வேறொரு விளையாட்டைச் செய்துகொண்டிருந்ததை அந்த அறிவிப்பில் அவரே எழுதினார். பணம் கொடுத்தவர்களிடம் இப்படி எழுதுவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

திரும்பி வந்தபோது அவர்கள் யூனிட்டி மாதிரிக்கே திரும்பிவிடவில்லை என்பதுதான் எனக்குச் சுவாரசியமானது. அன்ரியல் இன்ஜினை வைத்துக்கொண்டார்கள். நிழலும் பிரதிபலிப்பும் பனிமூட்டத்தில் பரவும் ஒளியும் இன்றைய தரத்தில் இருந்தன. ஆனால் டெக்ஸ்ச்சர்களை மட்டும் வேண்டுமென்றே சிறிதாக்கி, அருகில் போனால் சதுரப் புள்ளிகள் தெரியும்படி விட்டார்கள். வழக்கமாக இன்ஜின் அந்தப் புள்ளிகளை மென்மையாகக் கலந்துவிடும், அதைச் செய்யவிடவில்லை. தொலைவிலிருந்து பார்த்தால் நிஜமான உலோகச் சுவர், நான்கு அடி நெருங்கினால் 1994இன் சதுரங்கள். மூல விளையாட்டின் ஓவியர் ராப் வாட்டர்ஸ் இந்த ரீமேக்கின் கான்செப்ட் ஆர்ட்டிலும், அதாவது தோற்றத்தைத் தீர்மானிக்கும் முன்வரைவுகளிலும், பங்கெடுத்தார் என்பது தற்செயல் அல்ல. 2023 மே மாதம் விளையாட்டு வெளிவந்தபோது அதை ஆடிப் பார்த்தேன். பழையதில் புள்ளி என்பது கணினியின் இயலாமை. இதில் புள்ளி ஓர் ஓவியரின் தீர்மானம். 2016க்கும் 2023க்கும் இடையில் மூன்று தோற்றங்களைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அந்தத் தீர்மானத்துக்கு வர முடிந்திருக்கிறது.

‘சைலன்ட் ஹில் 2’ ரீமேக்கையும் இந்த வரிசையில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1999இல் வந்த முதல் ‘சைலன்ட் ஹில்’ விளையாட்டில் ஊர் முழுக்கப் பனிமூட்டம் இருந்ததற்குப் பெரிய காரணம், பழைய பிளேஸ்டேஷனால் தொலைவில் உள்ள கட்டடங்களை வரைய முடியாது என்பதே. அந்த மூட்டமே தொடரின் அடையாளமாகிவிட்டது. போலந்தின் ப்ளூபர் டீம் 2022 அக்டோபரில் அறிவித்து 2024 அக்டோபரில் வெளியிட்ட ரீமேக்கில், மூட்டத்தின் மேல் யாரும் கைவைக்கவில்லை. ரசிகர்களுக்கு அதில் புகார் இருக்கவில்லை, முகங்களில்தான் இருந்தது. இடையில் வந்த முன்னோட்டங்களைப் பார்த்துப் பலர் குறைசொன்ன முகங்கள், அடுத்தடுத்து வந்த காட்சிகளில் திருந்தியே வந்தன. எது மாறக் கூடாது என்பது முதல் நாளே தெரிந்திருந்தால், மற்றதைத் திருத்துவதற்குக் காலம் போதுமானதாக இருக்கும்.

‘தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ ரீமேக்குக்கு அந்தக் காலம் வேறு விதமாகக் கிடைத்தது. முதலில் 2021 ஜனவரி 21 என்று குறித்திருந்த வெளியீட்டை மார்ச்சுக்குத் தள்ளினார்கள். பிறகு தேதியே இல்லாமல் தள்ளினார்கள். 2022 மே மாதம் வேலை முழுவதும் புனே, மும்பை ஸ்டூடியோக்களிடமிருந்து மான்ட்ரியலுக்கு, அதாவது 2003இன் மூல விளையாட்டு பிறந்த இடத்துக்கே, மாற்றப்பட்டது. ஓராண்டு கழித்து வந்த தகவல், விளையாட்டு இன்னும் திட்டமிடும் கட்டத்தில் இருக்கிறது என்பது. அதற்கு என்ன பொருள் என்று தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: முந்தைய படங்கள் பெரும்பாலும் ஓரமாக வைக்கப்பட்டுவிட்டன. ஒரு குழுவின் லைட்டிங்கை இன்னொரு குழு எடுத்துத் தொடர்வது சாத்தியம் என்றாலும், யாரும் விரும்பிச் செய்வதில்லை. விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு முதலிலிருந்து வைப்பதே வேகமான வழி.

இந்த மாற்றத்தைப் பற்றி அப்போது வந்த பேச்சுகளில் எனக்கு உறுத்தியது ஒன்று உண்டு. ‘இந்தியாவில் செய்தால் இப்படித்தான்’ என்ற தொனியில் வெளிநாட்டவர்கள் எழுதியதைவிட நம்மவர்கள் எழுதியது அதிகம். கதையை ஆடியவர்களுக்குத் தெரியும்: அந்த விளையாட்டு தொடங்குவதே இந்தியாவில், ஒரு மகாராஜாவின் அரண்மனையை இளவரசனின் தந்தையுடைய படை சூறையாடுவதில்தான், காலத்தைத் திருப்பும் கத்தி அங்கிருந்துதான் கொள்ளையடிக்கப்படுகிறது, நாயகி ஃபரா அந்த மகாராஜாவின் மகள். 2003இல் இந்த இந்திய அரண்மனையை மான்ட்ரியலில் இருந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்தபடி வரைந்தார்கள். அதே அரண்மனையை, புனேயிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் பீஜப்பூரின் கமான்களையும் கும்மட்டங்களையும் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடியவர்கள் வரைய வாய்ப்புக் கிடைத்திருந்தது. தக்காணத்துப் பழைய கட்டடங்கள் பலவற்றின் உள்ளே பகலில் வெளிச்சம் நேராக வருவதில்லை. கல் சல்லடைகளில் வடிந்து, தரையில் பட்டு, அங்கிருந்து விதானத்துக்கு ஏறுகிறது. அந்த வெளிச்சம் முன்னோட்டத்தில் வந்திருந்தால் எங்களுக்கு வேறு எந்தப் பெருமையும் தேவைப்பட்டிருக்காது. முன்னோட்டத்தில் அது இல்லை. அதற்காக அந்தக் கலைஞர்களிடம் அது இல்லை என்று சொல்லிவிட முடியுமா? ஒரு விளையாட்டின் கலை எந்த நாளில் உலகத்துக்குக் காட்டப்பட வேண்டும் என்று முடிவு செய்பவர்கள் தூரிகையைத் தொடுபவர்கள் அல்லர்.

2024 ஜூனில் சில நொடிகள் மட்டுமே ஓடும் ஒரு முன்னோட்டத்தில், விளையாட்டின் படம் எதையும் காட்டாமல், 2026இல் வெளிவரும் என்று அறிவித்தார்கள். முதல் முன்னோட்டத்தால் பட்ட சூடு அந்த எச்சரிக்கையில் தெரிந்தது. பிறகு 2026 ஜனவரியில், முதலில் வெளியாக வேண்டியிருந்த ஜனவரிக்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, யூபிசாஃப்ட் நிறுவனம் தன் அமைப்பையே மாற்றும் பெரிய அறிவிப்பில் ஆறு விளையாட்டுகளைக் கைவிட்டது. இந்த ரீமேக்கும் அவற்றில் ஒன்று. ஆக, ஒரே அரண்மனையை இரண்டு கண்டங்களில் இரண்டு குழுக்கள் வரைந்திருக்கின்றன. முழுமையாக எதையும் யாரும் பார்க்கப்போவதில்லை. ‘சிஸ்டம் ஷாக்’ தன் மூன்று தோற்றங்களையும் வெளிச்சத்தில் வைத்தே மாறியதால், எங்கே வழி தவறியது, எங்கே திரும்பியது என்று என்னைப் போன்றவர்கள் படம் படமாக வைத்துப் படிக்க முடிகிறது. இதில் அதற்கும் வழியில்லை.

வரைந்தவர்களுக்கு இது கல்வி சார்ந்த நஷ்டம் மட்டுமல்ல. எங்கள் துறையில் வேலைக்கு ஆள் எடுப்பது ஷோரீலை, அதாவது ஒருவர் தான் செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டும் வீடியோவை, பார்த்துத்தான், வெளிவராத படைப்பில் செய்த வேலையை அதில் சேர்க்க ஒப்பந்தங்கள் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. கேம் துறையிலிருந்து எங்களிடம் நேர்காணலுக்கு வருபவர்களில் சிலருடைய ஷோரீலில் இரண்டு மூன்று ஆண்டுகள் அப்படியே காணாமல் போயிருக்கும். கேட்டால், “வெளியே வராத ப்ராஜெக்ட் சார், எதுவும் சொல்லக் கூடாது” என்பார்கள். எந்த விளையாட்டு, எந்த ஸ்டூடியோ என்று நானும் துருவுவதில்லை. ஒரு சாதாரண அறையின் மாதிரியைக் கொடுத்து, ஒரே ஒரு எண்ணெய் விளக்கை மட்டும் வைத்து இரவுக் காட்சியாக லைட்டிங் செய்து காட்டச் சொல்கிறேன். அந்த அறையில் எவற்றை இருட்டில் விடுகிறார்கள் என்று பார்த்தே பெரும்பாலும் முடிவெடுத்துவிடுகிறேன்.